தட்டில் காட்ட ஒன்றுமில்லாத ஆபரேஷன்

என் மகள் சுகன்யா போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய மாமனாருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து மாடம்பாக்கத்தில் அந்த வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. டாக்டர், முதலில் சின்ன ஓட்டை போட்டு கேமராவை விட்டுப் பார்க்கலாம், ஆபரேஷன் செய்து எடுக்கலாமா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். "ஸ்கேன் எடுத்தாச்சு, எண்டோஸ்கோப்பி பண்ணியாச்சு, இன்னும் என்னப்பா பாக்கணும்? நம்மள ஏமாத்துறாங்களா?" என்றாள். மகன் பிரபு தன் பங்குக்கு, ஆஸ்பத்திரிகளைப் பற்றி யாரோ ஒருவர் கோபமாகப் பேசும் வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான்.

போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால்தான் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். நான் ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. சுகன்யா, உன் மாமனாருக்கு எது சரி என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உனக்கு வந்திருக்கும் இந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. தியேட்டருக்கு உள்ளேயே நின்றுகொண்டு சந்தேகப்பட்டவன் நான். அது என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிளஸ் டூவோடு என் படிப்பு முடிந்தது உங்களுக்குத் தெரியும். வார்டில் படுக்கை தள்ளுகிறவனாகச் சேர்ந்து, பிறகு தியேட்டர் வாசலில் செருப்பு மாற்றிக் கொடுக்கிறவனாகி, ஒரு வழியாகச் சான்றிதழ் படிப்பையும் முடித்து, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிரந்தரமானேன். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனதும் கல்லூரி போனதும் அந்தத் தியேட்டர் விளக்கு வெளிச்சத்தில்தான்.

அங்கே அப்போது எங்களுக்குத் தலைமை சர்ஜனாக இருந்தவரை நாங்கள் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். ஆறடி உயரம், கனத்த குரல். வயிற்றைத் திறந்தால் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழேவரை ஒரே கோடு. "பாக்கணும்னா கதவைத் திறந்து பாரு, சாவித் துவாரம் வழியா எதுக்குப் பாக்கற?" என்பார். அவர் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இன்றைக்கும் பல இடங்களில் இருக்கிறது. எடுத்த உறுப்பை ஸ்டீல் தட்டில் வைத்துப் பச்சைத் துணியால் மூடி, தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோய் உறவுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். கொண்டுபோவது என் வேலை. துணியை விலக்கியதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் கும்பிடுவார்கள், ஒரு பெரியவர் குனிந்து, இதுதான் இத்தனை நாள் என் பெண்ணைப் படுத்தியதா என்று அதனிடமே கேட்டார். பார்த்த பிறகு யாரும் சந்தேகமாகப் பேசியதில்லை. கெட்டது வெளியே வந்துவிட்டது, அதைத் தங்கள் கண்ணால் பார்த்தும்விட்டார்கள். எனக்கும் ஆபரேஷன் என்றால் அந்தத் தட்டுதான்.

சீஃப் ஓய்வு பெற்ற பிறகு ஹேமா மேடம் வந்தார். எல்லாமே லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டைகள் வழியாகச் செய்வது. பித்தப்பைக் கல்லுக்கு அப்படிச் செய்வதை நான் முன்பே பார்த்திருந்தேன், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் முற்றிய இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஓட்டைதான் என்றபோது மனது ஒப்பவில்லை. பெரிய வியாதிக்குச் சின்ன ஓட்டையா? புதிய மிஷின் வாங்கிவிட்டார்கள், அதை ஓட்டித்தானே ஆக வேண்டும் என்று கேன்டீனில் நானே சொல்லியிருக்கிறேன்.

மேடம் வேலை செய்யும் விதமும் என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. சீஃப் மாதிரி நோயாளியின் தோளில் தட்டி, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்ல மாட்டார். யார் என்ன கேட்டாலும் "பாத்துட்டுச் சொல்றேன்" என்பதுதான் பதில். மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயாலேயே பெயரையும் என்ன ஆபரேஷன் என்பதையும் சொல்லச் சொல்லிக் கேட்பார். அதன் பிறகு தியேட்டரில் அவர் பேச்சு அநேகமாக நின்றுவிடும்.

கேமராவைத் தயார் செய்வது நான்தான். முதலில் வெள்ளைத் துணியை அதற்குக் காட்டி, திரையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அது தப்பினால் உள்ளே எல்லா நிறமும் தப்பாகத் தெரியும். உடம்புச் சூட்டில் லென்சில் ஆவி படியும் என்பதால் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பேன், அதில் முக்கித் துடைத்துக் கொடுப்பேன். தொப்புளருகே ஒரு குழாய் போகும். அதன் வழியாக வாயுவை ஏற்றினால் வயிறு கூடாரம்போல எழும்பி நிற்கும், உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். பிறகுதான் கேமரா. ஜூனியர் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கை ஆடினால் மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடல்ல இருக்கமா டாக்டர்?" என்பார். அவ்வளவுதான் அவர் திட்டு.

உள்ளே போனதும் நேராக இரைப்பைக்குப் போக மாட்டார். அதுதான் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் சமையலறையை விட்டுவிட்டு மொட்டைமாடி, மாடிப்படி அடி என்று சுற்றுவதுபோல, கல்லீரலுக்கு மேலே, விலாவுக்கு உள்பக்கம், குடலைத் தூக்கித் தூக்கி அதன் பின்புறம், கடைசியாக அடிவயிற்றுக் குழி என்று எல்லா மூலையையும் பார்ப்பார். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரில் புற்றுநோய்ச் செல்கள் இருக்கின்றனவா என்று சோதனைக்கு அனுப்புவார்.

கோவளத்திலிருந்து தேசிங்கு என்பவர் வந்தது அந்தச் சமயத்தில்தான். கடலுக்குப் போகிறவர், திடமான உடம்பு, அது பாதியாக இளைத்திருந்தது. சோறு சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் வாந்தியாகிவிடும், கஞ்சி மட்டும்தான் எப்படியோ இறங்கியது. இரைப்பையின் வாய்ப்பக்கம் சரியாக இருந்தது, குடலுக்குள் இறங்கும் பக்கம்தான் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி அஞ்சலை கரையில் மீன் விற்கிறவர். தேசிங்குவின் தம்பி சேகர் வேன் ஓட்டுகிறவன். எங்களைப் பார்த்த முதல் நாளிலிருந்தே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்தான்.

மேடம் கேமராவை விட்டுப் பார்த்தார். நானும் திரையில் பார்த்தேன். வயிற்றின் உள்சுவரை மூடியிருக்கும் வழவழப்பான சவ்வில், ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் பொட்டுகள். அதிலிருந்து துளி கிள்ளிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார், தண்ணீர் அலசினார், கேமராவை வெளியே எடுத்தார், ஓட்டைகளைத் தைக்கச் சொன்னார். இரைப்பையை அவர் தொடவே இல்லை.

அன்று தியேட்டர் வாசலுக்கு நான் வெறுங்கையோடு போனேன். சேகர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். "தட்டு எங்க?" என்றான். பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சீஃப் ஆபரேஷன் செய்தபோது அவன் தட்டைப் பார்த்திருக்கிறான். இன்று எதுவும் எடுக்கவில்லை, மேடம் வந்து விவரம் சொல்வார் என்றேன். "ஓட்ட போட்டு மூடிட்டீங்களா? இன்னா ஆஸ்பத்திரி நடத்தறீங்க?" என்றான்.

மேடம் அஞ்சலையையும் சேகரையும் உட்காரவைத்து, பதிவான வீடியோவைப் போட்டுக் காட்டினார். இந்தப் பொட்டுகள் ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னவை என்றும், நோய் இரைப்பையைத் தாண்டிப் பரவிவிட்டது என்பதற்கு இவைதான் அடையாளம் என்றும், இப்போது இரைப்பையை எடுப்பதில் பலனில்லை என்றும் சொன்னார். கீமோ கொடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை பார்க்கலாம், பொட்டுகள் மறைந்து தண்ணீரும் சுத்தமாக இருந்தால் எடுப்பதைப் பற்றி அப்போது யோசிக்கலாம் என்றார்.

சேகர் வீடியோவை முழுதாகப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இது எங்கண்ணன் வயிறுதான்னு எப்டி மேடம் நம்புறது? உள்ள மூஞ்சியா கீது?"

அது அவர் வயிறுதான் என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்றவன். ஆனால் அந்தத் திரையில் பெயரும் இல்லை, முகமும் இல்லை, மஞ்சளும் சிவப்புமாக யாருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு வயிறு. மேடம் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

என் சந்தேகம் வேறு. அது யார் வயிறு என்பதல்ல. நாலு பொட்டைப் பார்த்துப் பயந்து பின்வாங்கிவிட்டாரோ, சீஃப் இருந்திருந்தால் திறந்து கட்டியை வாரி எடுத்திருப்பாரே என்பது என் சந்தேகம். உடை மாற்றும் அறைக்கு வெளியே அவரை நிறுத்திக் கேட்டும்விட்டேன். வேறு சர்ஜனாக இருந்தால் என்னை வேலையைப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

மேடம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எடுத்திருந்தா தட்டுல வச்சுக் காட்ட நமக்கு ஒண்ணு கிடைச்சிருக்கும். அவருக்கு என்ன கிடைச்சிருக்கும் சொல்லுங்க? அந்தப் பெரிய தையல் ஆறி எழுந்திரிக்கறதுக்குள்ள அவருக்கு மிச்சம் இருக்கற நாள் போயிடும். உள்ள இருக்கற பொட்டு அப்படியேதான் இருக்கும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்கள் எல்லோரையும் நம்பிவிட முடியுமா? வீட்டுக்கு வரும் வழியில் தாம்பரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அதையே யோசித்தேன். உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னேன். அவள், "உனக்கு வெட்டினாதான் வைத்தியம்" என்று சொல்லிவிட்டு இட்லி மாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

கீமோ நடந்தது. தேசிங்குவுக்கு முடி கொட்டியது, உதடு வெடித்தது. ஒவ்வொரு முறையும் சேகர் கூடவே வந்தான், ஒவ்வொரு முறையும் மருந்து பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்த பிறகுதான் ஏற்ற விட்டான். வேறு ஓர் இடத்தில் பெரிதாகத் திறந்து எடுத்துவிடுகிறேன் என்று யாரோ சொல்கிறார்கள் என்றும் ஒருநாள் என்னிடம் சொன்னான். இதற்கிடையில் அடைப்பு அதிகமாகிக் கஞ்சியும் நிற்காமல் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்தால்தான் மூச்சு விடுவார். இரண்டாவது முறை பார்க்க மேடம் நாள் குறித்தார். பொட்டுகள் போயிருந்தால் அடுத்த கட்டம், போகாவிட்டால் சாப்பாடு இறங்க மட்டும் ஒரு மாற்றுவழி செய்து கொடுப்பது என்று இரண்டையும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.

அப்போது அதுவரை அதிகம் பேசாத அஞ்சலை வாயைத் திறந்தார்.

"மேடம், எங்கிட்ட வஞ்சிரம் வாங்கறவங்க, அத்த வெட்டி முடிக்கிறவரைக்கும் கண்ண எடுக்க மாட்டாங்க. துண்ட மாத்திடுவேன்னு பயம். நான் மாத்துறவ இல்ல, ஆனா அவங்க பாக்கறதுக்கு நான் கோச்சிக்கமாட்டேன். நானும் நின்னு பாக்கணும். நீங்க கோச்சிக்காதீங்க."

"கோச்சிக்கல. பாருங்க" என்றார் மேடம்.

ஆஸ்பத்திரி மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது, போனில் படம் எடுத்துப் பரப்பிவிட்டால் யார் பொறுப்பு என்றார். மேடம் தேசிங்குவிடமே போய்க் கேட்டார். அவர் மூக்குக் குழாயோடு படுத்தபடியே, "அவ பாக்கட்டும். தம்பி வேணாம். அவன் பாத்தா நடுவுல நடுவுல கேள்வி கேப்பான்" என்றார். சேகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தியேட்டருக்குப் பக்கத்தில் ஜூனியர் டாக்டர்கள் உட்கார்ந்து ஆபரேஷனைத் திரையில் பார்த்துப் படிக்கும் அறை ஒன்று இருந்தது. உள்ளே பேசுவது அங்கே கேட்கும், அங்கிருந்தும் பேசலாம். அன்று கேமரா வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அஞ்சலையோடு என்னை உட்காரச் சொன்னார் மேடம். "நான் எந்த இடத்தப் பாக்கறேன்னு மட்டும் சொல்லுங்க. நல்லதா கெட்டதான்னு நீங்க சொல்லாதீங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார். அஞ்சலை போனைச் சேகரிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரைக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

இம்முறை மேடம் ஒன்று செய்தார். வழக்கமாகக் குழாய்க்குள் போன பிறகுதான் பதிவு தொடங்கும். அன்று கேமரா வெளியே இருக்கும்போதே தொடங்கச் சொன்னார். திரையில் முதலில் தெரிந்தது மருந்து பூசிய பழுப்புத் தோல். கேமரா மெதுவாக இடது விலாவுக்குக் கீழே நகர்ந்து ஒரு கோணல் தழும்பில் நின்றது.

"இது என்னம்மா?" என்று மேடத்தின் குரல் கேட்டது.

"திருக்கை முள்ளு குத்தினது" என்றார் அஞ்சலை. "கல்யாணத்துக்கு முன்னாடி."

"கண்ண எடுக்காதீங்க. இங்கிருந்து நேரா உள்ள போறேன்."

தழும்பிலிருந்து நகர்ந்து, தொப்புளைத் தாண்டி, குழாயின் வாய், அதன் இருட்டு, பிறகு சட்டென்று வெளிச்சம். நடுவில் ஒரு வெட்டு இல்லை, ஒரு நொடி திரை அணையவில்லை. என் காலத்தில் எத்தனையோ முறை கேமரா உள்ளே போனதைப் பார்த்தவன் நான். ஆனால் ஒரு மனிதனின் வயிற்றுக்குள் போகிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் இடங்களை மட்டும் சொன்னேன். கல்லீரல் என்றபோது அவரே, "ஈரல் தெரியுது" என்றார். மேல்பக்கத்தில் பழைய பொட்டுகள் சில வற்றிக் கோடுகளாகியிருந்தன. அஞ்சலை என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அப்போது நம்பிக்கை வந்துவிட்டது, இன்றைக்கு எடுத்துவிடுவார்கள் என்று.

கேமரா வழக்கம்போல எல்லா மூலையும் சுற்றியது. கடைசியாக அடிவயிற்றுக் குழிக்கு இறங்கியது. மேடம் குடலை ஒதுக்கினார். அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அஞ்சலை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, திரையில் விரலை வைத்தார்.

"இங்க கீது" என்றார். பிறகு விரல் நகர்ந்தது. "இங்கயும். தோ, அந்த மடிப்புலயும் கீது மேடம்."

கேமரா அந்த மடிப்புக்கு அருகே போனது. "ஆமாம்மா. நானும் பாக்கறேன்" என்றார் மேடம்.

"போன தபா இங்க இல்லியே?"

"இல்ல. இது புதுசு."

"பெருசா அறுத்தா எல்லாத்தையும் எடுக்க முடியாதா? என் கொயுந்தன் வேற ஆஸ்பத்திரி சொல்றான்."

"பெருசா அறுத்தா எனக்கு இதே பொட்டு இன்னும் கிட்டத்துல தெரியும், அவ்ளோதாம்மா. எடுக்க எடுக்க வேற இடத்துல இருக்கும்."

அஞ்சலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், மேடம் பயந்து பின்வாங்கினார் என்ற என் சந்தேகம் அவர் பேச்சால் போகவில்லை. அந்த மடிப்பில் இருந்த பொட்டுகளால் போனது. சீஃப் இருந்தாலும் அவற்றை வாரி எடுத்திருக்க முடியாது.

"அப்ப அவுரு சாப்டற வழிய மட்டும் பண்ணிக் குடுங்க" என்றார் அஞ்சலை. அதற்குமேல் அவர் பார்க்க விரும்பவில்லை. நான்தான் உட்கார்ந்து பார்த்தேன். அடைத்துக்கொண்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டு, இரைப்பையின் மேல்பகுதியையும் சிறுகுடலின் ஒரு வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டையும் இணைத்துப் புதிய வாசல் ஒன்று செய்தார். அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாகவே ஊசியைத் திருப்பித் திருப்பித் தைத்து, கசிகிறதா என்று தண்ணீர் விட்டுச் சோதித்து, சந்தேகம் தீராமல் இன்னொரு தையலும் போட்டார்.

வாசலில் சேகர் காத்திருந்தான். அண்ணி வெளியே வந்ததும் கேட்டான்: "எடுத்தாங்களா?"

"எடுக்கல. எடுக்க முடியாது."

"அவங்க காட்னத நீ நம்பிட்டியா அண்ணி?"

"அவங்கள நம்பல. நான்தான் கண்டுபுடிச்சி அவங்களுக்குக் காட்னேன்" என்றார் அஞ்சலை. "இனிமே அவர எங்கயும் இட்டுகினு போவாத. யாரும் அவர அறுக்க வேணாம்."

சேகர் அதற்கப்புறமும் எங்களை நம்பினான் என்று சொல்ல மாட்டேன். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும் பேச்சை மட்டும் விட்டுவிட்டான். தேசிங்கு நடந்தேதான் வீட்டுக்குப் போனார். மழைக்காலம் முடியும்வரை கோவளத்தில் தன் வீட்டிலேயே இருந்தார், கடைசி நாள்கள் வரை வாயால் சாப்பிட்டார் என்று பிறகு அஞ்சலை வந்து மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

சுகன்யா, உன் மாமனாருக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்குத் தெரியாது. பொட்டே இல்லாமல் இருக்கலாம், நல்லபடியாக எடுத்தும் விடலாம், அப்படி எடுத்து நன்றாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். டாக்டரைச் சந்தேகப்படாதே என்று நான் சொல்லவில்லை. சந்தேகத்தை வீட்டுக்குள் வைத்துப் பேசிக்கொண்டிருக்காமல் அவரிடமே போய்க் கேள். பதிவைக் காட்டச் சொல். எதற்காகப் பார்க்கிறீர்கள், இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள், அப்படி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பார். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அப்புறம் யோசிக்கலாம்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தேசிங்கு முதன்முதலாகச் சோறு சாப்பிட்ட நாளன்று நான் வார்டுக்குப் போனேன், எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. நாலைந்து நாள் தண்ணீர், பிறகு கஞ்சி என்று கொடுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்குக் குழைந்த ரசம் சாதத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அஞ்சலை ஸ்பூனால் ஊட்டினார். ஒவ்வொரு வாயும் இறங்கியதும் தேசிங்கு கண்ணை மூடிக்கொண்டு, அது எங்கே போகிறது என்று உள்ளே காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தார். கிண்ணம் காலியானது. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் கடிகாரத்தைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் போன பிறகு தேசிங்கு கண்ணைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் கீதா?" என்றார்.

அஞ்சலை பாத்திரத்தின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இரு. இது நிக்கிதான்னு மொதல்ல பாக்கலாம்."